இருபத்து மூன்றாவது வாரம்

ஒரு கம்ப்யூட்டர் பிராசஸரைக் கையில் கொடுத்தால் அது எந்த வாரம் பிறந்தது என்பதையே சொல்லிவிடுவாள் எழில்மொழி. ஜோசியமெல்லாம் கிடையாது, படிப்பும் பத்தாவது பெயில்தான். மணலி போகிற சாலையில், பழைய கம்ப்யூட்டர்களை மூட்டை மூட்டையாக வாங்கிப் பிரிக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. தீப்பெட்டி நீளம்கூட இல்லாத அந்தச் சதுரத் தகடுகளில் எது இன்னும் ஓடும், எது தங்கம் எடுக்க அமிலத்துக்குப் போகும் என்று பிரிப்பது அவள் பொறுப்பு.

எல்லாம் மேலே பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்துத்தான். எஸ்.டி.ஏ. என்று ஆரம்பித்தால் மேசைக் கம்ப்யூட்டருக்கான மலிவு வகை. அடுத்த நாலு இலக்கம் மாடல். பிறகு வரும் எழுத்துகளில் ஒன்று எத்தனை வோல்ட் கேட்கும் என்று சொல்லும், இன்னொன்று எவ்வளவு சூடு தாங்கும் என்று சொல்லும். கீழ் வரியில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு வாரம். 0314 என்றால் 2003ஆம் வருஷம், பதினாலாவது வாரம். அவ்வளவுதான் வித்தை.

இதில் அவளுக்குப் பழக்கம் வந்தது புருஷன் டில்லிபாபுவால். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில் பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டி விற்றவன் அவன். பார்வை மட்டம். பொடி எழுத்தை அவள் வாசிப்பாள், அவன் நோட்டில் எழுதுவான். மாட்டுவதற்கு முன்னால் பிராசஸரைத் திருப்பி, அடியில் ஊசி ஊசியாக நிற்கும் கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் குண்டூசியால் 'எ' என்று கீறுவான். அவள் பெயரின் முதல் எழுத்து. அதன் வாலை மேலே தூக்கி ஒரு சுழி வைப்பான். அந்தச் சுழியை வேறு யாரும் அப்படிப் போட்டு அவள் பார்த்ததில்லை.

2004 நவம்பர் மழையில் வெளியே போனவன் வீடு திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு பிணம் ஒதுங்கியது. எழில்மொழி போய் அடையாளம் காட்டினாள். மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்தார்கள். அன்றிலிருந்து அமாவாசை தவறாமல் போய் ஊதுபத்தி ஏற்றி, மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். உயிரோடு இருந்தபோது புருஷனிடம் சொல்லாததையெல்லாம் அங்கேதான் சொன்னாள். கூட வேலை பார்க்கும் பாரியைப் பற்றியும் அங்கேதான் முதலில் வாய் திறந்தாள். "கட்டிக்கட்டுமா?" என்று கேட்டபோது, காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் ஊதுபத்திப் புகை நேராக அவள் முகத்துக்கு வந்து நின்றதாம். சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். பைத்தியக்காரி.

பாரி அதே கொட்டகையில் இருந்தான். பழைய எண்ணை உப்புத்தாளால் தேய்த்து அழித்து, அதைவிட உசத்தியான எண்ணை மையால் அச்சடிப்பது அவன் வேலை. திருட்டு வேலைதான், அவனும் இல்லையென்று சொல்ல மாட்டான். மற்றபடி தங்கமான மனுஷன். 2008 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை பதிவுத் திருமணம் என்று முடிவாகி, டில்லிபாபுவின் இறப்புச் சான்றிதழோடு மனுவும் கொடுத்தாயிற்று.

அந்த வாரத்துத் திங்கட்கிழமை, நெல்லூர்ப் பக்கமிருந்து வந்த மூட்டையை அவிழ்த்தாள். பட்டப்பகல், வெளியே லாரிச் சத்தம் காதைப் பிளக்கிறது. நாற்பதோ ஐம்பதோ பார்த்த பிறகு ஒன்றைத் திருப்பினாள். 'எ'. வாலில் சுழி.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் கைபட்டது எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தன்னிடமே வந்திருக்கிறதே என்று நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு, கை பழக்கத்தில் மறுபக்கம் திருப்பிக் கீழ் வரியை வாசித்தாள்.

0523.

2005ஆம் வருஷம், இருபத்து மூன்றாவது வாரம். அதாவது ஜூன் மாதம். டில்லிபாபுவைப் புதைத்து ஏழு மாதம் கழித்துப் பிறந்த தகடு. அதன் அடியில் டில்லிபாபு கீறிய எழுத்து.

கீழ் வரியை இன்னொரு தடவை வாசித்தாள். உடனே, சே, இந்தத் தொழிலில் எந்த எண்ணை நம்புவது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புதுசு என்று காட்டத் தேதியையும் மாற்றுகிறவர்கள்தானே? விவரம் சொல்லாமல் பாரியிடம் நீட்டினாள்.

"இது மை போட்டதா, பாரி?"

அவன் பஞ்சில் தின்னரை நனைத்து அழுத்தித் துடைத்தான். மையாக இருந்தால் கறுப்பாகப் பஞ்சில் வந்துவிடும். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. எண் அப்படியே நின்றது.

"ஒரிஜினல். கம்பெனியிலயே பொறிச்சது. இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

தகட்டைத் திருப்பி எழுத்தைக் காட்டி, யார் கீறியது என்று சொன்னாள். பாரிக்கு அந்த வருஷமும் மாதமும் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. தகட்டை வாங்கிக்கொண்டான். இன்னொரு தடவை துடைத்தான். பஞ்சை அவளுக்குக் காட்டாமல் உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டான்.

"தப்பா சொல்லிட்டேன் எழிலு. டூப்ளிகேட்டுதான் இது. தேதி பொய்யி."

"எங்கிட்டயேவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வுட்றி அத. ரெண்டு நிமிசம் தேச்சிட்டா ஒண்ணுமே கெடையாது. செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். வியாழக்கெழம தாண்டிட்டா நம்மள யாரு கேப்பா?"

"அப்போ மூலக்கொத்தளத்துல பொதைஞ்சி கெடக்கறது யாரு?"

"எவனோ! நமக்கு இன்னா?"

எவனோ! மூன்றரை வருஷமாக எவனோ ஒருத்தனிடம் உட்கார்ந்து அந்தரங்கம் பேசியிருக்கிறாள். கட்டிக்கட்டுமா என்று கேட்டதற்கு முகம் தெரியாத எவனோ புகையை அனுப்பியிருக்கிறான். ஓடிப்போன டில்லிபாபு மேல் கோபம் பொங்கியது. நாசமாய்ப் போகிறவன், அங்கே போயும் என் எழுத்தைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பார் என்று வாய்விட்டு ஏசினாள். ஆனாலும் மனசு அவனிடம் போகவில்லை, மண்ணுக்கடியில் இருந்தவனிடமே போய்ப் போய் நின்றது.

பாரி கையிலிருந்து தகட்டைப் பிடுங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். போலீஸ் ஸ்டேஷனில் வாயைத் திறந்தால் சான்றிதழ் செல்லாது, வியாழக்கிழமையும் கிடையாது. தெரிந்தேதான் போனாள்.

ஏட்டு வேலப்பன், வயசான மனுஷர், அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"கையெழுத்துப் போட்டுப் பொணத்த வாங்கினது நீதானம்மா?"

"ஆமா சார். துணிய வெலக்கி மூஞ்சியப் பாக்கறியான்னு கேட்டாங்க. வேணான்டேன். சட்டதான் வெளிய தெரிஞ்சிது. அந்தத் தீவாளிக்கு எம்.சி. ரோட்டுல குமிச்சிப்போட்டு வித்த சட்ட. எங்க பிளாக்குலயே நாலு பேரு போட்டுகினு திரிஞ்சாங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒம்போது நாளா ஆஸ்பத்திரிக்கும் இங்கயும் அலைஞ்சிகினு இருந்தேன் சார். எதுனா ஒண்ணு முடிஞ்சா போதும்னு இருந்திச்சி. அதான் ஆமான்ட்டேன்."

ஏட்டு எழுந்து போய்ப் பழைய பதிவேட்டை எடுத்து வந்து புரட்டினார். 2004 நவம்பரில் அவர் விரல் நின்றது.

"அதே வாரம் காணாம போனவன் இன்னொருத்தன் கீறான். காசிமேட்டு ஆளு. அவன் சம்சாரம் கோவிந்தம்மான்னு ஒரு பொம்பள. அந்தப் பொணத்த அதுக்குக் காட்டவே இல்ல. நீதான் ஆமான்ட்டியே." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாசத்துல ஒரு நாளு வந்து கேட்டுட்டுப் போவும். ஒரு மாசம் தவறினதில்ல. இப்ப நீ குந்திகினு கீறியே, அந்த பெஞ்சிலதான் குந்தும்."

எழில்மொழி சட்டென்று எழுந்து நின்றாள்.

"இந்த மாசம் வந்துட்டாங்களா சார்?"

ஏட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"இன்னிக்குத்தான். வர்ற நேரந்தான்" என்றார்.