அட்டை போட்ட பன்னிரண்டு புத்தகங்கள்

திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் மகளுக்காகப் பன்னிரண்டு கதைப் புத்தகங்களை அள்ளி வந்தேன். நாலாம் வகுப்புப் படிக்கிறவள் செல்போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாளே என்ற கவலை எனக்கு. "எங்க வீட்ல இனிமே போன் கிடையாது, புக்குதான்" என்று அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் வேறு அடித்துவிட்டேன்.

வாங்கி வந்த அன்றே பன்னிரண்டுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டேன். லேபிள் ஒட்டி அவள் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் எழுதினேன். முகப்பில் இருந்த யானை, குரங்கு, மூக்குக்கண்ணாடி போட்ட ஆடு எல்லாம் தாளுக்குள் போய்விட்டன. கதைப் புத்தகத்தைப் பாடப் புத்தகமாக்கி வைத்துவிட்டு, பிள்ளை ஏன் ஆசையாக எடுக்கவில்லை என்று யோசித்த புத்திசாலி நான்.

அதோடு விட்டேனா? தினமும் சாயங்காலம் ஒரு கதை. முடித்ததும் ஐந்து கேள்வி. கடைசிக் கேள்வி எப்போதும், "இந்தக் கதையோட நீதி என்ன?" பத்தே நாளில், நான் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே அவளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. ஓமத்தண்ணீர் கொடுத்தேன். படிப்பதற்கு இது தேவலை என்று மடக் மடக்கென்று குடித்தாள்.

"கேள்வி கேக்குறதை விட்ரு. இப்படியே போனா புள்ள புக்கைக் கண்டாலே ஓடிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க ஊரு எரியோட்டுல, உங்க வீட்ல எத்தனை புக்கு இருந்துச்சாம்?" என்று அவர் வாயை அடைத்தேன். ஆனால் அவர் சொன்னது பலித்துவிடுமோ என்று எனக்குள் பயம் வந்துவிட்டது. என்னால்தான் அவள் புத்தகத்தையே வெறுத்துவிடுவாளோ?

அந்தச் சமயத்தில் சரஸ்வதி பூஜை வந்தது. நம்மால் ஆகாததைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று பன்னிரண்டையும் படத்துக்கு முன்னால் அடுக்கினேன். பூஜைக்குப் பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று பழுப்பு அட்டைகளைக் கழற்றிவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன்.

"இன்னைக்கு யாரும் புக்கைத் தொடக் கூடாது. நாளைக்குக் காலையில பூஜை முடிச்சுத்தான் எடுக்கணும். அம்புட்டுதான்."

மத்தியானம் சுண்டல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். வீடு சத்தமே இல்லாமல் இருந்தது. செல்போன் பார்க்கிறாளோ என்று எட்டிப் பார்த்தால், பூஜை அலமாரிக்குக் கீழே குப்புறப் படுத்து, இன்னும் முறை வராத ஆட்டுக் கதையைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் குங்குமம். என்னைக் கண்டதும் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"சாமி கண்ணைக் குத்துமாம்மா?"

என் நாக்கு நுனியில் ஐந்து கேள்விகளும் வரிசையில் நின்றன. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"சாமி பாக்கலை. நானும் பாக்கலை" என்று சொல்லிவிட்டு மறுபடி பாத்திரத்துக்கே போனேன். சந்தோஷத்தில் கழுவின பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினேன்.

கொஞ்ச நேரத்தில் புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, இந்த ஆடு பஸ்ல ஏறுதுல்ல? கண்டக்டர் குடுத்த டிக்கெட்டைத் தின்னுருது. அப்ப செக்கர் ஏறிட்டாரு. ஆடு என்ன பண்ணுச்சு, சொல்லு பாப்போம்?"

"இறங்கி ஓடிருச்சா?" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன்.

"நீ இதைப் படிக்கலையா?"

அதை மட்டுமா? பன்னிரண்டில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துத்தான் இத்தனை நாளும் கேள்வி கேட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளை முன்னால் அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அவள் புத்தகத்தை என் ஈரக் கையில் படாமல் அடுப்படி அலமாரி மேல் வைத்தாள்.

"நாளைக்குப் பூஜை முடிஞ்சதும் படிச்சிரு. சாயங்காலம் அஞ்சு கேள்வி கேப்பேன்."

எனக்கு லேசாக வயிறு வலிக்க ஆரம்பித்தது.