புல்லுக்குக் காவல் இருந்த கதை

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு, ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், நாரந்தனையில் உள்ள எங்கள் வளவில் நடந்தது இது. இப்போதும் வீதியில் என்னைக் கண்டால் சிலர், "என்னண்ணை, புல்லு பத்திரமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை மிதிக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பசு. அப்போது சினை. தீவில் மாரி மழை ஓயும்போது புல் முழங்காலளவு நிற்கும். வைகாசி பிறந்தால் மாடு வெறும் மண்ணைத்தான் முகர வேண்டும். முந்தைய கோடையில் எலும்பும் தோலுமாய்ப் போய், வயிற்றில் இருந்த கன்றை இழந்த பசு அது. இந்த முறை அப்படி விடக்கூடாது என்று, பச்சைப் புல்லை வெட்டிக் காயவைத்துச் சேமிக்கும் வித்தையைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் படித்தேன். அதில் வந்த வெள்ளைக்காரர் இயந்திரத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் முடித்தார். நானும் மனைவியும் அரிவாளோடு குனிந்தோம். குனிந்தது சுலபம், நிமிர்ந்ததுதான் பெரும்பாடு.

வெட்டிய புல்லைப் பின்காணியில் பரப்பிவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால், புல் நான் போட்ட மாதிரி இல்லை. யாரோ கை வைத்திருந்தார்கள்.

எனக்குச் சந்தேகம் வர ஆதாரம் தேவையில்லை. சீனி குறைந்தால் எறும்பை விசாரிக்கிறவன் நான். மறுநாள் புல்லின்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சிரட்டை வேலிக்கரையில் கிடந்தது! வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு உண்டு. அதன் வழியாக எங்கள் காணிக்குள் வந்துதான் ஆடுகளை மேய்ச்சலுக்குக் கொண்டுபோவார். வழக்கை முடிக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

"ஆடு வளர்க்கிற மனிசி. எங்கட புல்லு. விளங்குதோ?" என்றேன் மனைவியிடம்.

"விளங்குது. உங்களுக்கு விசர் பிடிச்சிருக்கு" என்றாள்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, இளம்பனை வடலிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். மத்தியானம் அக்கா வந்தார். கையில் ஆட்டுக்கு இலை பறிக்கும் கொக்கத்தடி. புல்லை அதால் கிளப்பிப் பார்த்தார். ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார், முறுக்கினார். சந்தையில் புகையிலை வாங்க வந்தவர் மாதிரி! சரி, இரவைக்கு வண்டி கொண்டுவந்து அள்ளப்போகிறார் என்று முடிவு கட்டினேன். எழும்பிக் கேட்கத்தான் நினைத்தேன். கால் விறைத்துவிட்டது, வடலி மட்டையின் முள் போன்ற கருக்கு வேறு இடுப்பில் கட்டிய சாரத்தைப் பிடித்துக்கொண்டது. நான் விடுபடுவதற்குள் அவர் போய்விட்டார்.

பொழுதுபடுமுன் எல்லாவற்றையும் அள்ளச் சொன்னேன்.

"அடிப்பக்கம் இன்னும் ஈரமப்பா. தண்டு வளையுது, முறியேல்லை" என்றாள் மனைவி.

"களவு போனால் வளையவும் இராது, முறியவும் இராது!"

மாட்டுக் கொட்டிலின் மூலையில் குவித்து, ஏறி நின்று மிதித்து, மழைக்குப் போர்த்தும் தறப்பாளால் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். வேலிப் பொட்டுக்கும் முள் அடைத்தேன்.

கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு ஒரு விடியற்காலை கொட்டிலுக்குப் போனால், தறப்பாளின் இடுக்கால் வெள்ளையாய்ப் புகை எழும்புகிறது. பொட்டை அடைத்த கோபத்தில் அக்கா கொளுத்திவிட்டார்!

"நெருப்பு! நெருப்பு!" நான் கத்திய கத்தலுக்கு அனலைதீவுக்குப் போன வள்ளமே திரும்பி வந்திருக்கும். கிணறு எட்ட இருந்தது. கிட்ட இருந்தது, பவுசர் லொறியில் வந்த குடிதண்ணீரை நிறைத்து வைத்த பீப்பா. வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன்.

"ஐயோ, குடிக்கிற தண்ணி! எரியிற புல்லுக்குக் கிணத்து உப்புத் தண்ணி ஆகாதோ?" என்று மனைவி தலையில் கை வைத்தாள்.

வேலிக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல்: "தம்பி, மாட்டை அவிழும்! முதல்ல மாட்டை அவிழும்!"

மாட்டை நான் மறந்தே போயிருந்தேன். எந்தப் பசுவுக்காக இவ்வளவும் செய்தேனோ, அது கண் பிதுங்கக் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. அக்கா வேடிக்கை விடுப்புப் பார்க்க வந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையில் முள் முறியும் சத்தம் கேட்டது. நான் அடைத்த முள்ளை வெறுங்கையால் பிய்த்துக்கொண்டு, கை கீறி இரத்தம் வழிய, அக்கா உள்ளே வந்தார். நான் ஊற்றிய தண்ணீரில் பசு வழுக்கி விழாமல் கழுத்தை அணைத்துப் பிடித்து, வெளியே கொண்டுபோய் வேம்பில் கட்டினார். நான் அப்போதும் வாளியோடு நின்றேன்.

பிறகு அவரே தறப்பாளை இழுத்துப் பிரித்தார். நெருப்பு இல்லை. புட்டுப் பானையைத் திறந்த மாதிரி ஆவிதான். குவியலுக்குள் கையை விட்டவர் சுட்டதுபோல உதறி எடுத்தார்.

"நெருப்பு எங்க? இது அவிஞ்சு கிடக்குது. ஈரத்தோட அமத்தி மூடினா சூடேறும்தானே. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, நீர் கூப்பிட்ட நெருப்பு உண்மையாவே வந்திருக்கும்."

"காயவிடத்தான் நினைச்சனான், அக்கா. ஆனா ஆரோ புல்லில கை வைச்சு..."

"ஆரோ இல்லை, நான்தான். பனங்கிழங்கைக் கிழிச்சு ஒடியல் காயப்போட்டா புரட்டாமல் விடுவமோ? நீர் ஒரு பக்கத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டிப்போட்டுப் போறீர். போற வழியில புரட்டிவிட்டனான். இன்னும் ரண்டு வெயில் வேணுமெண்டு சொல்லத்தான் அண்டைக்கு நிண்டனான். பாத்தா, நீர் வடலிக்குப் பின்னால குந்தியிருக்கிறீர். அவசரத்துக்கு ஒதுங்கின ஒரு ஆம்பிளையோட என்னத்தைக் கதைக்கிறது? பேசாமல் போயிட்டன்."

மனைவி சிரித்த சிரிப்புக்குப் பசுவே திரும்பிப் பார்த்தது.

பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிட்டு, மிச்சத்தை மூவருமாகத் தார் வீதியோரம் பரப்பினோம். அக்கா வேலிக்கரையில் நின்று சத்தம் வைக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய்ப் புரட்டினேன். பஸ்ஸில் போன சனம் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தது. அடுத்த பவுசர் வரும்வரை எங்களுக்குக் குடிதண்ணீரும் அக்கா வீட்டிலிருந்துதான் வந்தது. ஆனியில் தீவே காய்ந்து கிடந்தபோது, அந்தப் புல்லைத் தின்று எங்கள் பசு ஒரு நாகு கன்று, பெண் கன்று, போட்டது. வேலிப் பொட்டை யாரும் திரும்ப அடைக்கவில்லை.

சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் மனைவி சிரிப்பாள். இன்றைக்கும் வளவில் ஒரு பொருள் இடம் மாறிக் கிடந்தால், 'ஆர் எடுத்தது?' என்ற கேள்விதான் முதலில் வாயில் வருகிறது. ஆனால் அதைக் கேட்குமுன், எனக்காக யாராவது அதைப் புரட்டிப் போட்டிருக்கிறார்களோ என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.