உறவுக்காரர் இல்லாத ஊர்

லிஸ்பனை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்த ஊரின் அழகு இல்லை. அங்கே எங்களுக்கு உறவுக்காரர் ஒருவரும் கிடையாது, அவ்வளவுதான்.

முதலில் ரோம் என்றுதான் ஆரம்பித்தேன். அங்கே என் கணவரின் அத்தை பேரன் வேலை பார்க்கிறான். போனால் அவன் வீட்டில்தான் தங்க வேண்டும். தங்கினால் இரண்டாம் நாளே கரண்டி என் கைக்கு வந்துவிடும். பார்சிலோனாவில் என் தங்கையின் சம்பந்தி வழியில் ஒரு பெண் இருக்கிறாள். ஏதென்ஸில் யாரும் இல்லை, ஆனால் அங்கே போய்வந்த பழைய ஆபீஸ் சிநேகிதி வெயிலில் கல்லும் பாறையுமாக ஏறி இறங்கிய கதையைச் சொன்னாள். என் கணவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. லிஸ்பனும் மேடும் பள்ளமுமான ஊர்தான் என்று பிறகு படித்தேன். அதற்குள் மனசு அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. டிராம் ஓடுகிறது, சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கரமனையில் எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம், இவர்கள் ஃப்ரீயாக இருக்கிறார்கள் என்பது. மாமனார் படுக்கையில் விழுந்தபோது என் மைத்துனர்கள் இருவரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். ஒன்பது வருஷம். பகலில் ஒரு ஹோம் நர்ஸ் வருவாள். நான் செக்ரட்டேரியட்டிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். அந்த ஒன்பது வருஷத்தில் நானும் கணவரும் சேர்ந்து ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. நாகர்கோவிலில் என் தம்பி பெண் கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தம் பார்த்துவிட்டு மத்தியானமே ஓடி வந்தேன்.

மாமனார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாக்குத்தான் அப்படி. ஒரு நாள் நூற்றிரண்டு டிகிரி ஜுரத்தோடு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதை மனுஷன் குடிப்பானா?" என்று டம்ளரைத் தள்ளினார். பாதி ரசம் என் புடவையில். என் கணவர் அதே அறையில், நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார், என்னைப் பார்த்தார், அடுத்த பக்கம் திருப்பினார். மாமனார் சொன்னதை நான் அன்றைக்கே மறந்தேன். பேப்பர் திரும்பிய சத்தத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

மாமனார் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. முதல் வருஷம் முடியும்வரை எங்கும் போகக் கூடாது என்றார்கள், போகவில்லை. அதற்குள் நானும் ரிட்டயரானேன். ஆனாலும் காலையில் ஐந்து மணிக்கு யாரோ தட்டியது போல விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து, பாலை அடுப்பில் வைத்த பிறகுதான் யாருக்கு இந்தக் காபி என்று தோன்றும். தூங்கினாலும் தீராத அலுப்பு என்று ஒன்று உண்டு. வேறு ஊரில் போய்ப் படுத்தால் அது தீருமா என்று பார்க்கத்தான் எனக்கு நாலு நாள் வேண்டியிருந்தது.

ஓணம் லீவில் எல்லோரும் ஊர்சுற்றக் கிளம்பிவிட்டதால் தெரு அமைதியாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அடுப்பு இருக்கற ரூமா பாரேன். ரசப்பொடி எடுத்துண்டு போயிடலாம்."

"அடுப்பு இருந்தா நான் வரலை. நீங்க மட்டும் போய்ட்டு வாங்கோ."

"சாரமில்லை, பரவாயில்லை, வேண்டாம்" என்று உடனே இறங்கிவிட்டார். அந்த ஊரில் பார்வைக்கு நன்றாக இருந்த அறைகளெல்லாம் அடுப்போடுதான் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கடைசியில் லிஃப்ட் இருக்கிற, அடுப்பு இல்லாத, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணி உலர்வது தெரிகிற ஓர் அறை கிடைத்தது. அது யாரோ துவைத்த துணி, நான் துவைத்தது இல்லை. எடுத்துக்கொண்டேன்.

தேதியில்தான் நான் மிகவும் கவனமாக இருந்தேன். மாமனாரின் திவசம் கார்த்திகை மாதத்தில் வரும். அது வருகிற வாரத்தில் எங்கும் போக முடியாது. திவசத்தன்று நான் குளித்து ஈரப்புடவையோடு மடியாகச் சமைக்க வேண்டும், கணவருக்குப் பக்கத்தில் நின்று அவர் கையில் ஜலம் விட வேண்டும். நான் இல்லாமல் அது நடக்காது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் மலையாளக் காலண்டரைப் புரட்டினேன். அவர் போனது ஆயில்ய நட்சத்திரம். அது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை கிளம்பி வியாழன் விடியும்போது வீட்டுக்கு வந்துவிடுவது போல டிக்கெட் பார்த்தேன். மாற்ற முடியாத டிக்கெட். ரத்து செய்தாலும் ஒன்றும் திரும்பி வராது.

"இந்தத் தேதி சரிதானே?" என்று கணவரைக் கேட்டேன்.

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, போடு" என்றார்.

பிறகு விசாவுக்காகக் கொச்சிக்குப் போனோம். விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தது. கொடுத்திருந்த கட்டங்களில் சுற்றுலா என்பதற்கு எதிரே குறி போட்டேன். அலுப்பு என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதில் போட்டிருப்பேன். மூன்று வாரம் கழித்து பாஸ்போர்ட் இரண்டும் கூரியரில் வந்தன.

விசா கிடைத்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் தனியாக பஸ் ஏறிப் போய் உடைத்தேன். ஒரே அடியில் சிதறியது. வந்தது வந்தோம், ஊரிலிருந்து திரும்பிய மறுநாளே திவசமாயிற்றே, எள்ளும் தர்ப்பையும் இப்போதே வாங்கி வைத்துவிடலாம் என்று பக்கத்தில் வழக்கமான பூஜைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர், எங்கள் தெருவுக்கே வேண்டியதைக் கட்டிக் கொடுப்பவர்.

"திவசம் என்னைக்கு மாமி?"

"வெள்ளிக்கிழமை. கார்த்திகை, கிருஷ்ண பக்ஷ பஞ்சமி."

அவர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே பின்னால் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார்.

"வெள்ளிக்கு சப்தமியாக்கும் மாமி. பஞ்சமி புதன்லா வருது?"

அவர் கையிலிருந்து பஞ்சாங்கத்தை வாங்கி நானே பார்த்தேன். புதன்தான். லிஸ்பனிலிருந்து நாங்கள் கிளம்புகிற நாள்.

இந்த மலையாள ஊரில் பிறந்த நாள், இறந்த நாள், கோவில் உத்சவம் எல்லாமே நட்சத்திரத்தை வைத்துத்தான். ஆபீசில் முப்பது வருஷம் கூட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அப்பா, அம்மாவுக்கு நட்சத்திரம் பார்த்துத்தான் பலி போடுவார்கள், திவசத்துக்கு அவர்கள் சொல்கிற பேர் அது. சுவரில் தொங்குகிற காலண்டரிலும் நட்சத்திரம் கொட்டை எழுத்தில் இருக்கும், திதி எறும்பு எழுத்தில். ஆனால் எங்கள் வீட்டுத் திவசம் திதியில்தான். இது எனக்குத் தெரியாததில்லை. வாயால் பஞ்சமி என்று சொல்லிக்கொண்டே கண்ணால் ஆயில்யத்தைத் தேடியிருக்கிறேன். போன வருஷம் திவசம் பண்ணிவைக்கிற வாத்தியார் போன் செய்து சொன்னார், கணவர் குறித்துக்கொண்டார். இந்த ஒரு தடவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பியதற்குப் பலன் இது.

கரமனை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. மடியில் எள்ளுப் பொட்டலம். செத்த பிறகும் இந்த மனுஷர் என்னை விட மாட்டேன் என்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. ஒன்பது வருஷம் அவருடைய மாத்திரை வேளை ஒன்றைக்கூட நான் தப்ப விட்டதில்லை. அவர் போன நாளை எப்படித் தப்ப விட்டேன்? பாலம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். ரத்து செய்துவிட வேண்டியதுதான். எனக்கு விதித்தது ஐந்து மணிக் காபி, அதைக் குடித்துவிட்டு இருக்க வேண்டியதுதான்.

வீட்டில் கணவர் கூடத்தில், அதே நாற்காலியில் பேப்பரோடு இருந்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்தேன்.

"திவசம் புதன்கிழமை வரது. நான் ஆயில்யத்தைப் பார்த்துட்டேன். கேன்சல் பண்ணிடறேன்."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"புதன்கிழமைன்னு தெரியும். நீ டிக்கெட் போட்ட அன்னிக்கே தெரியும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்துகொண்டே ஏன் போடச் சொன்னார் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ லேப்டாப்பை மூடியிருப்பே. அப்புறம் திறந்திருக்க மாட்டே." பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "வாத்தியாரைக் கேட்டேன். திதி விட்டுப்போனா அமாவாசைக்குப் பண்ணலாம்னார். அவருக்கு முழு மனசு இல்லை. எனக்கும்தான் இல்லை, கேட்டியா. இருந்தாலும் அமாவாசைக்கு வரச் சொல்லிட்டேன்."

நான் எள்ளுப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, மறுபடி மேஜையிலேயே வைத்தேன்.

"அப்பாகிட்டயும் சொல்லியாச்சு" என்றார். சுவரில் மாமனாரின் படம் இருந்தது. மாலை காய்ந்து போயிருந்தது.

"என்னன்னு சொன்னேள்?"

அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். "உங்களுக்காக அவ ஒம்பது வருஷம் எங்கயும் போகலை. இந்தத் தடவை அவ நாலு நாள் ஊருக்குப் போறா. நீங்க அமாவாசைக்கு வாங்கோன்னு சொன்னேன்."

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் எனக்காக அவர் தன் அப்பாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது.

"இதை அவர் உயிரோட இருக்கச்சே ஒரு தரம் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருக்கணும்" என்றார்.