ஆமைக் கொக்கி

எங்கள் வீட்டில் ‘போறேன்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. அம்பாசமுத்திரத்தில் எந்த வீட்டிலுமே இருக்காது என்றாலும், என் அப்பா அளவுக்கு அதைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நான் பார்த்ததில்லை. விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஷிப்டுக்குக் கிளம்பும்போது சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு மறுபடி உள்ளே வந்து, “போயிட்டு வாரேன்” என்பார். அடுப்படியிலிருந்து அம்மா “போயிட்டு வாங்க” என்று சொல்லும்வரை பெடலில் கால் வைக்கமாட்டார். ஒருநாள் என் அண்ணன் கிரிக்கெட் மட்டையும் கையுமாக, “நான் போறேன்” என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டான். அப்பா அவனைத் திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லி, முறையாகச் சொல்லவைத்து அனுப்பினார். அவன் போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் பாதி முடிந்திருந்தது. இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

அப்படிப்பட்ட மனிதர், நாங்கள் ஜப்பானுக்குக் கிளம்பிய அன்று அம்பை பஸ் ஸ்டாண்டில் நான் “போயிட்டு வாரேம்ப்பா” என்றபோது, “சரி” என்றார். அவ்வளவுதான். பேத்தியின் கன்னத்தைத் தடவிவிட்டு பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் போவதில் அவருக்குக் கோபம். அவர் ‘போயிட்டு வா’ என்று சொல்லாததில் எனக்குக் கோபம். திருநெல்வேலி வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். என் கணவர் பாவம், இரண்டு தடவை முறுக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் தானே தின்றார்.

என் கணவருக்கு ஜப்பானில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. “சுத்தி வயலு, பின்னால மலை. நம்ம அம்பை மாதிரியே இருக்கும்” என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். வயல் இருந்தது, மலையும் இருந்தது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. குளிர்காலம் முழுக்க நானும் மகளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குளிர் விட்டதும் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் ஓர் இடம். அங்கே விரிப்பு மடிக்கும் வேலை.

“பி.காம் படிச்சிட்டு, துணி மடிக்கதுக்கா ஜப்பான் போனே?” என்று போனில் அப்பா கேட்டார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க எதிரே ஒரு பெண் நிற்பாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினால்தான் மடிப்பு விழும். நாள் முழுக்க ஒரு மனுஷியோடு சேர்ந்து ஏதோ செய்கிறோம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வேலைக்குப் போக வேண்டுமென்றால் மூன்று வயது மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

காப்பகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு கொக்கி. எழுதப் படிக்கத் தெரியாத வயது என்பதால் பெயருக்குப் பதில் படம் ஒட்டியிருப்பார்கள். என் மகளுக்கு ஆமை. காலையில் அவளுடைய மஞ்சள் பையையும் தொப்பியையும் ஆமைக் கொக்கியில் மாட்டிவிட்டு, டீச்சரைப் பார்த்துக் குனிந்து “சயோனாரா” என்பேன். மகளைப் பார்த்தும் “சயோனாரா” என்று கையாட்டுவேன். என் கணவர் சொல்லிக்கொடுத்த சொல். அதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா என்ன, ஜப்பான் என்றால் அம்பையில் டீக்கடைக்காரருக்கும் தெரிந்த சொல் அது ஒன்றுதான். டீச்சர் ஒரு நொடி தயங்குவார். பிறகு சிரித்த முகமாக எதையோ நீளமாகச் சொல்லிக் குனிவார். எனக்குக் காதில் ‘ஷாய்’ என்பது மட்டும் விழும்.

மகளோ, நான் சயோனாரா சொன்ன மறுகணம் ஆமைக் கொக்கிக்கு ஓடுவாள். பையை எடுத்து மாட்டிக்கொண்டு, தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வந்து என் சுடிதாரைப் பிடித்துக்கொள்வாள். நான் பையைக் கழற்றி மாட்டுவேன். அவள் மறுபடி எடுப்பாள். கடைசியில் டீச்சர் அவளைத் தூக்கிக்கொள்ள, நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவேன். அந்த அழுகை தெருமுனை வரை கேட்கும். மற்ற பிள்ளைகளெல்லாம் சில நாள் சிணுங்கிவிட்டு அடங்கிப்போயின. இவள் மட்டும் அடங்கவில்லை. என் அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது என்று பல்லைக் கடித்தேன்.

பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் இளைத்தாள். ஒரு நாள் என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க. நான் இங்கன எப்படியும் சமாளிச்சுக்கிடுதேன்.”

நான் மறுக்கவில்லை. ஜூனில் ஊரில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளை இங்கே பழகாவிட்டால் அவளும் நானும் அம்பைக்கு, அவர் மட்டும் இங்கே என்று முடிவானது. கல்யாணமாகி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. அவர் தனியாகச் சோறு பொங்கித் தின்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்பாவுக்கு மட்டும் சந்தோஷம். அம்பையில் எல்.கே.ஜி.க்கு இடம் சொல்லிவைத்துவிட்டார். புத்தகப் பைகூட வாங்கியாகிவிட்டது.

மே கடைசியில் ஒருநாள் துவைக்கிற இயந்திரம் பழுதாகி எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். காப்பகத்துக்குப் போனால் இன்னும் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் பையும் தொப்பியுமாக வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பியானோவில் ஏதோ பாட்டு வாசித்தார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து, குனிந்து, ஒரே குரலில் கத்தினார்கள்: “சயோனாரா!” அதிலும் என் மகள் குரல்தான் ஓங்கிக் கேட்டது. உடனே கதவு திறந்தது. பிள்ளைகள் அவரவர் அம்மாவிடம் ஓடின.

அவளைச் சைக்கிளில் உட்காரவைக்கும்போது, “இப்பம் என்ன சொன்னீங்க எல்லாரும்?” என்று கேட்டேன்.

“சயோனாரா. சொல்லியாச்சுன்னா வீட்டுக்குப் போவணும்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீ காலைல சொல்லிட்டு, நீ மட்டும் போயிருத” என்றாள்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை நாளும் பிள்ளை அடம்பிடிக்கவே இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள், அவளும் ஒழுங்காகப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாதான் தினமும் அவளை ஏமாற்றிவிட்டு ஓடியிருக்கிறாள். ரோட்டில் நின்று அழுதேன். அந்த ஊரில் ரோட்டில் நின்று யாரும் அழமாட்டார்கள். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

அன்று என் கணவருக்குச் சாப்பாட்டோடு நல்ல டோஸும் கிடைத்தது. “யாருங்க ஒங்களுக்கு அந்த வார்த்தையச் சொன்னது?”

“எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைதானட்டி.”

“எங்கப்பா முன்னால நின்னு போறேன்னு சொல்லிருவீங்களா நீங்க? நான் நெதமும் அதைத்தான சொல்லிருக்கேன்!”

உலகத்தில் எந்த பாஷையிலும், கிளம்புகிறவர் சொல்லும் சொல்லுக்குள் ‘வாரேன்’ இருக்கத்தான் செய்யும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லாத சொல்லை ஒருவர் வாசலில் நின்று சொல்வார் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் டீச்சரிடம், தெரிந்த நாலு சொற்களை வைத்து, காலையில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை நாளாக அடக்கிவைத்திருந்தாரோ. “இத்தெகிமாஸ்” என்றார். எனக்குப் புரியவைக்க, தன் உள்ளங்கையில் இரண்டு விரல்களை நடக்கவிட்டார். விரல்கள் கையின் ஓரம் வரை போயின. திரும்பி நடந்து வந்தன. இத்தெ, போய். கிமாஸ், வருகிறேன். அதற்குப் பதிலாகத்தான் இத்தனை நாளும் அந்த நீளமான ‘ஷாய்’ சொல்லியிருக்கிறார். இத்தெராஷ்ஷாய். போயிட்டு வாங்க. என் சயோனாராவுக்கும் அவர் தவறாமல் அந்தப் பதிலைத்தான் தந்திருக்கிறார்.

மகளின் முன் குத்தவைத்து உட்கார்ந்து, “இத்தெகிமாஸ்” என்றேன். போதாதென்று தமிழிலும் சொன்னேன்: “அம்மா போயிட்டு வாரேன்.” அவள் ஆமைக் கொக்கியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழுதாள். ஆனால் பையை எடுக்கப் போகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அழுகை மெல்லக் குறைந்து, கடமைக்கு ஒரு சிணுங்கலாக நின்றது. ஒருநாள் மண்ணைத் தோண்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், “இத்தெராஷ்ஷாய்” என்றாள். எனக்கு லேசாக வருத்தமாகக்கூட இருந்தது.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், காப்பகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் போன் செய்தேன். அங்கே இன்னும் விடிந்திருக்காது. மில் ஷிப்டுக்கு எழுந்த பழக்கம், அப்பா விழித்திருந்தார்.

“நாங்க வரலப்பா. இங்கனயே இருக்கோம்.”

 “பையெல்லாம் வாங்கிட்டேனே” என்றார் அப்பா.

 மகள், பையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு செருப்போடு நின்றவள், போனைப் பிடுங்கினாள். “தாத்தா, போயிட்டு வாரேன்!”

அப்படிச் சொல்லி நிற்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் எனக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னார்.

“போயிட்டு வாட்டி. ஒங்கம்மையையும் போயிட்டு வரச் சொல்லு.”