எலியேசர் எடுத்துக்கொண்டு போன பெயர்

தன் சாவுச் செய்தியைத் தன் கையாலேயே வாங்கிய மனிதர் வள்ளியூர் சுவிசேஷமுத்து வாத்தியார். 1944இல் பட்டாளத்திலிருந்து அப்பா பெயருக்குத் தந்தி வந்தது: ‘உங்கள் மகன் சுவிசேஷமுத்து போரில் இறந்தார்.’ இருபது வயது சுவிசேஷமுத்துவே அதை வாசித்துக் காட்டினார். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத பிள்ளை! யாருக்கோ வரவேண்டிய தந்தி என்று வீடே சிரித்தது. மகன் உயிரோடிருக்கிறானே என்று அப்பா சேவல் அடித்து விருந்து வைத்து, கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டார்.

அந்த வீட்டின் கவலை வேறு. தம்பி எலியேசர் பதினாறு வயதில் அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஓடிப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நெல்லை ஜங்ஷனில் காக்கி உடுப்பில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பட்டாளத்துக்கு எழுதிக் கேட்டால், எலியேசர் என்று எவரும் சேரவில்லை என்று பதில். அப்பாவும் அம்மாவும் வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். தம்பி எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் கண்ணை மூட மாட்டேன் என்று வாத்தியார் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார்.

1995இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. தங்கை பியூலா, பேரனின் ஞானஸ்நான சர்டிபிகேட்டைக் காணோம் என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

“நானும் ஒருக்கா தொலச்சு அப்பாட்ட அடி வாங்கினேன்லா” என்றார் வாத்தியார்.

“அது எப்போ அண்ணே?”

“எலியேசர் ஓடிப்போன வருசம்.”

பியூலாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “அண்ணே! பதினாறு வயசுப் பயல எந்தப் பட்டாளத்துல சேப்பான்? உன் சர்டிபிகேட்ட காட்டில்லா சேந்திருப்பான்! அப்போ அந்தத் தந்தி?”

வாத்தியாருக்கு அதற்குமேல் ஒரு பருக்கை இறங்கவில்லை. கையைக் கழுவிய கையோடு பட்டாள ஆவண அலுவலகத்துக்கு எழுதினார். எலியேசரை அல்ல, சுவிசேஷமுத்துவைக் கேட்டு!

மூன்று மாதம் தபால்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். ஒருவழியாகக் கனமான உறை வந்தது. சிப்பாய் சுவிசேஷமுத்து, சேரும்போது வயது பதினெட்டு. அப்பா பெயர் சரி, ஊரும் சரி. லாரி ஓட்டக் கற்றிருக்கிறான். மலேரியாவில் படுத்து எழுந்திருக்கிறான். அங்க அடையாளம்: இடது சுண்டுவிரலில் பாதி இல்லை. சின்ன வயதில் பனை மட்டை வெட்டும்போது போன விரல் அது!

“அவனேதாம்ட்டி! பியூலா, அவனேதான்!” சட்டைகூடப் போடாமல் வாத்தியார் தெருவுக்கு ஓடினார். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் காகிதத்தைக் காட்டினார். இம்பாலில், போர்க் கல்லறைத் தோட்டத்தில், தம்பி இருக்கிறான்! வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அந்த விருந்து ஞாபகம் வந்தது. “அவன் செத்த சேதிக்கா சிரிச்சிச் சாப்பிட்டோம்” என்று விம்மி அழுதார்.

மறுநாளே அடுத்த வேலையில் இறங்கினார். கல்லில் இருப்பது அவர் பெயர். அதை எடுத்துவிட்டுத் தம்பி பெயரைப் பொறிக்க வேண்டும். கல்லில் பெயருள்ளவர் உயிரோடிருப்பதற்கு அரசாங்க அத்தாட்சி வேண்டும் என்றது கல்லறை அலுவலகம். வாத்தியார் முதல் பஸ்ஸில் நாங்குநேரி கருவூலத்துக்குப் போனார்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். “உயிரோட இருக்கீயன்னு போன மாசந்தான வந்து கையெழுத்துப் போட்டீய சார்? பென்ஷன் ஒழுங்காத்தான வருது?”

“அது எனக்கு வே” என்றார் வாத்தியார். “இது என் தம்பிக்கு.”