கறை என்று ஒதுக்கிய நட்சத்திரங்கள்

கிட்ட வந்து உட்காருங்கள். கண்ணை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பாடு புரியும். விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி அனுப்புகிற படங்களைத் திருப்பதியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பிரிப்பதுதான் எங்கள் வேலை.

பழைய கண்

நானும் முனியம்மாவும் நகரியில் பவர்லூம் சேலையில் கறை, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தவர்கள். அந்தக் கண்ணை நம்பித்தான் சரளா மேடம் எங்களை எடுத்தார். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாக நெருங்கிக் கிடக்கும் கொத்துகளை நாங்கள் தேட வேண்டும். பக்கத்துக் கொத்து ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினார். கொட்டிய நொய் மாதிரி பளிச்சென்று இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பட்டியல் போனால்தான் தொலைநோக்கி மறுபடி அந்தப் பக்கம் திரும்புமாம். இல்லாவிட்டால் ஆபீசுக்குப் பூட்டு. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முனியம்மா சொன்னாள்: "எத்தினி சேலை பாத்த கண்ணு, ஒரு புள்ளிய பாக்காதா? ஒக்காருக்கா."

மூன்று குவியல்

வேண்டும், வேண்டாம் என்று இரண்டாகப் பிரித்தால் போதும் என்றார் மேடம். முனியம்மா ஒப்பவில்லை. நகரியில் கறைச் சேலை சலவைக்குப் போகும், கிழிசல் துண்டு போட வெட்டப் போகும். கலந்தால் முதலாளி விடமாட்டார். இங்கேயும் கலங்கிய உருண்டைப் புள்ளி கறை, இழுத்துக்கினு கிடப்பது கிழிசல், கூரான புள்ளி நல்லது என்று மூன்றாக வைத்தோம். புத்தலப்பட்டுத் தெலுங்குக்காரரான மேடத்துக்கு வாதாட நேரமில்லை. "சரே, மீ இஷ்டம், உங்க இஷ்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சா போதும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம்

நல்ல குவியலைத் திறந்த மேடம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் தனி நட்சத்திரங்கள். தூரத்துக் கொத்துக்கு ஓரம் கலங்கித்தான் தெரியுமாம். மறுபடி முதலிலிருந்து பார்க்கிறோம், முடிக்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்றாள் முனியம்மா. துன்ன எடுத்து வந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை.

மேடம் கறைக் குவியலைத் திறந்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் கொத்துகள். கிழிசலைத் திறந்தார், அதெல்லாம் வெகுதொலைவில் சாய்ந்து கிடக்கும் வேறு நட்சத்திர மண்டலங்கள். இரண்டும் கலக்கவே இல்லை. 'கறை' என்ற பெயரை அழித்து, 'கொத்து' என்று அடித்து, வெயில் இறங்குவதற்குள் அனுப்பினார். பிறகு எங்களைப் பார்த்தார். "அக்கா, இனிமே உங்களுக்கு எது புடிக்கலையோ, அத மட்டும் எனக்குக் குடுங்க."

அப்படிச் சொல்லிக்கினே, நாங்கள் கண் எரியப் பொறுக்கிப் பத்திரமாக வைத்த நல்லதையெல்லாம் ஒரே தட்டாகத் தட்டி அழித்துவிட்டார்.