பட்டியலில் இல்லாத ரெஜினோல்டின் அண்ணன்

பதினான்கு வருடங்களாக எனக்குக் கிளெமென்ற் அண்ணையோடு ஒரு மனக்குறை இருந்தது. மரித்தவர்களுக்காக நவம்பரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் தமிழ்ப் பூசையில் பெயர் வாசிப்பவன் நான். ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் சனம் இறந்துபோன தங்கள் ஆட்களின் பெயர்களைக் கடதாசித் துண்டில் எழுதித் தருவார்கள். நான் முன்னுக்கு நின்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது பெரிய காரியம். நான் முதல் பெயருக்கு வாயைத் திறந்ததும் அவர் எழும்பி வெளியே போய்விடுவார். கடைசிப் பெயர் முடிந்த பிறகுதான் உள்ளே வருவார். தாய் தகப்பனின் பெயரைக்கூட ஒருநாளும் தந்ததில்லை. என் வாசிப்பு அவருக்கு இளக்காரம் என்றே நினைத்திருந்தேன்.

ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் பிலேந்திரன் கிளெமென்ற். யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் பிறந்தவர். எண்பத்தேழில் நோர்வேக்கு வந்தார். வடக்கே மீன் தொழிற்சாலையில் நாலு வருடம் மீன் வெட்டினார். அதன் பிறகு ஒஸ்லோ. வெஸ்ட்லியில் மாடிக்குடியிருப்பு, மனைவி மக்டலீன், இரண்டு பிள்ளைகள். ஒஸ்லோத் துறைமுகத்துப் பழைய கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அலுவலகக் கட்டடத்தை அவரும் நானும் பன்னிரண்டு வருடம் சேர்ந்து துப்புரவாக்கினோம். நான் தரை துடைக்கும் மொப்பை இழுத்துக்கொண்டு ஓடுவேன். அவர் முழங்காலில் நின்றபடி மூலைகளைத் துணியால் துடைப்பார். நூலகத்தில் எடுத்த நோர்வேஜியப் புத்தகம் ஒன்று எப்போதும் அவருடைய பையில் இருக்கும். சனத்துக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் அவர்தான். பொதுக்கூட்டம் எதற்கும் போகமாட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள், காலைத் தேத்தண்ணி நேரம், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஜோர்ஜ், இஞ்சை முந்தி என்னென்னத்துக்கு மரணதண்டனை இருந்தது தெரியுமோ?"

"கொலைக்கு. வேறை என்னத்துக்கு?"

"தாய் தகப்பனுக்குக் கை நீட்டினாலும் சாவுதான். சூனியக்காரி எண்டு பிடிச்சால் நெருப்பிலை போடுவாங்கள். எங்கடை சுவாமிமார் நாட்டுக்குள்ளை கால் வைச்சால் அதுக்கும் சாவு."

"கத்தோலிக்கச் சுவாமியாருக்கோ?"

"ஓம். ஆயிரத்து அறுநூற்றி எண்பத்தேழாம் ஆண்டுச் சட்டம்."

"அண்ணை, எங்கடை சுவாமி முக்கால் மணித்தியாலம் பிரசங்கம் வைக்கேக்குள்ளை இதை ஒருக்கால் ஞாபகப்படுத்துங்கோ."

அவர் சிரித்தார். அவர் சிரிப்பது குறைவு. பிறகு மிச்சத்தைச் சொன்னார். கொலைகாரன் ஒருவனின் தலையைக் கடைசியாக வெட்டியது ஆயிரத்து எண்ணூற்றி எழுபத்தாறில். ஆயிரத்துத் தொளாயிரத்து இரண்டில் போட்ட புதுச் சட்டத்தில் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். யுத்தகாலக் குற்றங்களுக்கு மட்டும் விட்டு வைத்தார்கள்.

"நல்ல சனம்" என்றேன்.

"பொறு. ஜெர்மன்காரன் தோத்துப்போன பிறகு முப்பத்தேழு பேரைச் சுட்டவங்கள். அதிலை இருபத்தைஞ்சு பேர் இவங்கடை சொந்த ஆக்கள். கனபேரை உந்தக் கோட்டைக்குள்ளைதான்."

யன்னலால் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக விடியக் கோப்பிக் குவளையோடு நான் கடந்துவந்த மதில் அது. உயிரை எடுக்காத நாடு என்று நம்பித்தான் இங்கே வந்து ஒதுங்கினோம். கையில் இருந்த பாண் துண்டு அப்படியே இருந்தது.

அந்த அதிர்ச்சியை மறைக்கத்தான் அடுத்ததைச் சொன்னேனோ தெரியாது.

"துரோகியெண்டால் சுடத்தானே வேணும் அண்ணை. ஊரிலை எங்கடை இயக்கக்காரர் லைற் போஸ்ற்றிலை கட்டிச் சுட்டவங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் தேத்தண்ணிப் போத்தலின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

"என்ரை தம்பியையும் கட்டினவங்கள்."

அவரே தொடர்ந்து சொன்னார். தம்பியின் பெயர் ரெஜினோல்ட். பத்தொன்பது வயது. பாண் சுடும் வெதுப்பகத்தில் வேலை. முதலாளி அனுப்பியதால் ஆமிக்காரரின் முகாமுக்கு இரண்டு தரம் பாண் கொண்டுபோனவன். எண்பத்தாறில் ஒருநாள் விடிய, சந்திக் கம்பத்தில் கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் துரோகி என்று எழுதிய ஒரு அட்டை. சொந்தக்காரர்கூடச் செத்தவீட்டுக்கு வரவில்லை.

"இவங்களுக்கு நீதிமன்றம் இருந்தது. வழக்கறிஞர் இருந்தான். அப்பிடி விசாரிச்சுச் சுட்டவங்களே வருசக்கணக்காய் யோசிச்சு, எழுபத்தொன்பதிலை அந்தச் சட்டத்தையும் இல்லாமல் பண்ணிப்போட்டாங்கள். என்ரை தம்பியை ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கேல்லை ஜோர்ஜ்."

எங்கள் ஊரிலும் ஒரு கம்பத்தில் ஒருவனைக் கட்டியிருந்தார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. சந்தைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தேன். பக்கத்தில் நின்ற கிழவனுக்கு வாசிக்கத் தெரியாது. அந்த அட்டையில் இருந்ததை அவனுக்கு எழுத்துக்கூட்டி உரத்து வாசித்துக் காட்டியவன் நான். பிறகு சந்தைக்குப் போய் மீன் வாங்கினேன். அதை அண்ணைக்குச் சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. சொன்னபோது அவர் என்னை ஏசவில்லை. மூலையைத் துடைத்துக்கொண்டே, "அவன்ரை பேர் ஞாபகமிருக்கோ?" என்று மட்டும் கேட்டார். இருக்கவில்லை.

அந்த வருடம் ஒக்ரோபரில் தம்பியின் பெயரைத் தரச்சொல்லிக் கேட்டேன்.

"அவனை விட்டிட்டு ஐயா அம்மான்ரை பேரைக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. அவன்ரை பேரைக் குடுக்கவும் பயம். எங்கடை ஊராக்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இஞ்சை இருக்கு. பேரைக் கேட்டு எழும்பிப் போனாங்கள் எண்டால், அவனை இன்னொருக்கால் கட்டின மாதிரித்தானே."

"அதுக்காக நீங்கள் எழும்பிப் போறியளோ?"

"உள்ளை இருந்தால் அவன்ரை பேர் வராதோ எண்டு காது தேடிக்கொண்டிருக்கும். அதாலை வெளியிலை போய் நானே சொல்லிப்போட்டு வாறனான்."

பதினான்கு வருடம் நான் சுமந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அந்த நவம்பரும் அடுத்த நவம்பரும் அவர் பெயர் தரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

போன வருடம் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஒக்ரோபர் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மத்தியானம். மக்டலீன் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் தன் கைப்பையில் இருந்து ஒரு துண்டை எடுத்துத் தந்தார். மூன்று பெயர்கள். தகப்பன், தாய், மூன்றாவதாகப் பிலேந்திரன் ரெஜினோல்ட். எழுத்து அக்காவுடையது.

"சனம் என்ன சொன்னாலும் பரவாயில்லை எண்டு நான்தான் எழுதினனான்" என்றார் அக்கா.

அண்ணை கையைக் காட்டிக் கிட்ட வரச்சொன்னார். குரல் மெல்லிசாகத்தான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வாசிக்கேக்குள்ளை வழமையா ஓடுற மாதிரி ஓடாதை. அவன்ரை பேரை வாசிச்சிட்டு நில். எழும்பிப் போறவங்கள் போகட்டும், கதவு சாத்துமட்டும் பார்த்துக்கொண்டிரு. சாத்தின பிறகு, இருக்கிற ஆக்களுக்கு இன்னொருக்கால் வாசி."